ரேடியேட்டர் தண்ணீரை யார் மாற்றுவது?

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஒரு பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தோம். என் கணவர் காலேஜ் வாத்தியார்; எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அவருடைய சிநேகிதருக்குப் பாலக்கரையில் மளிகை மொத்த வியாபாரம். ஒரு வாரம் கார் எங்கள் வாசலில் நிற்கும், அடுத்த வாரம் அவர்கள் வாசலில். இருவரும் பரம மரியாதைக்காரர்கள். ஒருவரை ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட மாட்டார்கள்.

ஒரு வைகாசியில் துறையூரில் கல்யாணம். இரண்டு தம்பதிகளும் காலையிலேயே கிளம்பினோம். சிநேகிதரின் மனைவியை அதற்குமுன் நான் பார்த்துப் புன்னகைத்ததோடு சரி. பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் பானெட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கார் நின்றுவிட்டது.

சூடு தணியும்வரை புளியமரத்தடியில் நின்றோம். பிறகு என் கணவர் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர். அதுவும் பாதிதான் இருந்தது.

"இதை மாத்தி எத்தனை நாளாச்சு?" என்றார், மெதுவாக.

"நீங்க மாத்தியிருப்பீங்கன்னு இருந்துட்டேன் சார்."

"நானும் நீங்கதான் மாத்திண்டிருக்கேள்னு நினைச்சேன்."

வாங்கிய நாளிலிருந்து யாருமே மாற்றவில்லை. குறைந்தபோதெல்லாம் மேலே ஊற்றியதோடு சரி. அதிலும் பாலக்கரைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வேறு. சிநேகிதரின் மனைவி சட்டென்று சிரித்துவிட்டாள். "கேட்டாத்தானேங்க தெரியும்!" என்றாள். நானும் அடக்கமாட்டாமல் சிரித்தேன். ஆண்கள் சிரிக்கவில்லை. பக்கத்து வயலில் ஓடிய பம்புசெட்டிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மரியாதை இன்னும் கூடிப்போயிற்று. "கார் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார் அவர். "எனக்கு இப்போ தேவையில்லை" என்று இவர் பதில் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காப்பிக்கு வருகிறவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த வேளைக்கு என் கணவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் செய்து வைக்கலாம். நடக்காத சண்டையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் முற்பகலில் அவள் பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றாள். கையில் ஒரு பொட்டலம்.

"என்னது இது?"

"சலவை சோடா, மாமி. வாங்க, அந்தத் தண்ணிய நாமளே மாத்திருவோம்."

"நமக்குத் தெரியுமா?"

"எங்க அண்ணன் லாரி வச்சிருக்காரு. அவரு செய்யறதைப் பாத்திருக்கேன். உங்க வீட்டு வெந்நீர் பாய்லர்ல உப்பு படிஞ்சா சும்மாவா விடுவீங்க? இதுவும் அதேதான்."

எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த காரின் ரேடியேட்டருக்கு அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்துவிட்டாள். பழுப்பாக, பொருக்குப் பொருக்காக வந்தது. சோடா கரைத்து ஊற்றி, அவளே ஏறி உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கெட்டைக் கீழே வைக்கவும் மனசில்லை. ஆறவிட்டு மறுபடி திறந்து, தெளிவாக வரும்வரை அலசிவிட்டு, குழாயில் வரும் காவிரித் தண்ணீரை நிரப்பினோம்.

"இனிமே எப்போ மாத்தணும்?" என்று கேட்டேன். காரோடு வந்த புத்தகத்தில், குளிர்காலம் வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை என்று போட்டிருந்ததைச் சொன்னேன்.

"திருச்சிக்கு ஏது குளிர்காலம்! தையில ஒரு தடவை, ஆடியில ஒரு தடவை. வச்சுக்குவோம்."

சாயங்காலம் என் கணவர் வந்து, ஈரமான தெருவையும் எங்கள் புடவையில் இருந்த பழுப்புக் கறையையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. பிறகு அவளிடம், "உங்களைக் கார்ல கொண்டுவிடறேன். அவரையும் பாக்கணும்" என்றார். சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்பினார்.

"என்ன பேசினேள்?"

"முதல்ல தண்ணியைப் பத்தித்தான். அப்புறம் எல்லாத்தையும் பத்தி. அவர் கடையில கஷ்டம் போலிருக்கு. நாலு மாசமா. நான் கேக்கவே இல்லையே."

அந்த ஞாயிறு சிநேகிதர் காப்பிக்கு வந்தார். அறுபதுகளின் நடுவில் காரை விற்கும்வரை தையிலும் ஆடியிலும் நானும் அவளும்தான் தண்ணீர் மாற்றினோம். ஆண்கள் பக்கெட் தூக்கி வந்தார்கள். தெருவும் பார்த்துப் பழகிக்கொண்டது. இடையில் ஓர் ஆடியில், வேலை முடிந்ததும் அவள் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல, கொள்ளிடக் கரைவரை நானே ஓட்டிப்போனேன்.