வரம்புக்குள் இருக்கும் காற்று

எனக்கு என் ஓரகத்தியைப் பிடிக்காது. இதை மறைத்து எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். இருவருக்கும் ஒரே சமையலறை, ஒரே குழாய். வாய் 'அக்கா' என்று கூப்பிடும், வயிறு எரிந்துகொண்டிருக்கும். நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவாள், அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் ஜன்னல் விளிம்பில் கையை வைத்தாளாம், விரலெல்லாம் கரியாம். எதிர்ச் சாரியில் ஃபேக்டரி இருந்தால் வேறு என்ன இருக்கும்? அன்றைக்கு எடுத்த துணியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. பிள்ளை பெற்று, வளர்த்து, வெளியூர் வேலைக்கு அனுப்பி, முழங்கால் தேய்ந்து, இத்தனைக்கும் நடுவே கதவு, ஜன்னல், மின்விசிறி என்று துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தெருவில் அவளுக்கு 'ஈரத்துணி' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். அதில் ஒரு பெருமை வேறு.

என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. எப்போதாவதுதான் வரும். ஃபேக்டரியில் புகையை வடிகட்டும் இயந்திரம் பழுதானபோது வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். புது இயந்திரம் வரும்வரை வடிகட்டாமலே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தற்காலிகச் சலுகை கொடுத்துவிட்டது. மூடினால் எத்தனை பேருக்கு வேலை போகும் தெரியுமா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு, யார் வாயைத் திறப்பார்கள்? என் மகள் தினமும் இரைக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். டாக்டர், "அந்தப் புகை நின்னாத்தான் இது நிக்கும்" என்று கையை விரித்தார்.

சலுகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, காற்றை அளக்கும் பெட்டி ஒன்றை எங்கள் மொட்டை மாடியில் வைத்தார்கள். அது சும்மா வந்த பெட்டி இல்லை. அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு, நான் வரவழைத்த பெட்டி. வாரம் ஒருமுறை மெக்கானிக் வந்து உள்ளே கரி படியும் தாளை எடுத்துப் போவார். மாடிச் சாவி மூத்த மருமகளான அவளிடம். அந்த நாட்களில் கொடியில் கறுப்பேறிய துணிகள் தொங்குவதை நானும் பார்த்தேன். ஜன்னல் துடைத்த துணி என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. காற்று வரம்புக்குள் இருக்கிறதாம். சலுகையை நீட்டித்துவிட்டார்கள். ஃபேக்டரிக்காரன் பெட்டிக்கே லஞ்சம் கொடுத்துவிட்டான் என்று தெருவில் நின்று கத்தினேன். அந்தப் பெட்டியைச் செய்தவன் குடும்பத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக மெக்கானிக் வந்தார். ஓரகத்தி துவைத்து மடித்த துணிகளை அவரிடம் நீட்டினாள்.

"இதையும் கொண்டு போங்க தம்பி. அடுத்த இடத்துல வெக்கிறப்போ உதவும்."

"என்னம்மா இது?"

"பெட்டிக்கு மூக்கு மாதிரி ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல ஒரே கரி. கெட்டுப் போயிடுமேன்னு ஈரத்துணிய மடிச்சுக் கட்டி வெச்சேன். தினமும் மாத்திடுவேன். நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் அவுத்துடுவேன். வர்றவங்க பாக்குற மாதிரியா இருக்கும் அந்த அழுக்குத் துணி?"

மெக்கானிக் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கரியத்தாம்மா பெட்டி அளக்கணும்" என்றார்.

"பாவி மனுஷி, என் புள்ளையோட மூச்ச நீங்களே அடைச்சுட்டீங்களே. அந்த ஃபேக்டரிக்காரனுக்குச் சம்பளம் வாங்காம வேலை பாத்திருக்கீங்க" என்றேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தி, "இத வெளியில சொல்லாதீங்க. கவர்மெண்ட் பெட்டியில கை வெச்சதா கேஸ் ஆயிடும்" என்றார். வீட்டு ஆண்கள் இருவரும் அதையே சொன்னார்கள். எனக்கு மட்டும் அவளைத் தரதரவென்று இழுத்துப்போய் அந்த அலுவலகத்தில் நிறுத்த வேண்டும் போலிருந்தது. இழுக்கத் தேவைப்படவில்லை. மறுநாள் அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வா, போகலாம். நானே சொல்லிடுறேன். என்ன வேணா பண்ணட்டும்."

அதிகாரியின் அறையில் ஏசி ஓடியது. ஜன்னல்கள் இறுக்கமாக மூடியிருந்தன. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் பூசி மெழுகாமல். "என்னைய உள்ள போடுங்க சார். அந்தச் சலுகைய நிறுத்துங்க."

அவர் சிரித்தார். "உங்கள உள்ள போட்டு என்னம்மா பண்றது? தெரியாம செஞ்சதுதானே. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா அந்த அளவு செல்லாது. திரும்ப அளக்கணும்."

"அளங்க சார். இப்பவே அளங்க."

"பெட்டி வேற ஊருக்குப் போயிடுச்சு. அது வந்து, அளந்து, முடிவு எடுக்குற வரைக்கும் இப்ப இருக்குற சலுகை அப்படியே தொடரும். அதுதான் முறை."

நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். காவலாளி வந்து வாசல் பக்கம் கை காட்டினார். "அதுவரைக்கும் குழந்தைய சொந்தக்காரங்க வீட்டுல விடலாமே" என்று அந்த அதிகாரி எங்களுக்கு யோசனை வேறு சொன்னார். அவர் நாக்கு அழுகிப் போகட்டும்.

வேறு வழி இருந்ததா? என் தங்கை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. மகளின் துணிகளை ஓரகத்திதான் பையில் அடுக்கினாள். நான் தடுக்கவில்லை. வண்டி வந்து நின்றதும் மகள் வாசற்கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரைப்புக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"புகை விடுறது அவங்க. நான் எதுக்குப் பெரியம்மா போகணும்?"

என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டாள். ஓரகத்தி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து பிரித்தேன்.