ஆறாவது பெயர்

லைட்ஹவுஸ் குப்பம் கரையில் என் தம்பி, கோட்டைக்குப்பத்தில் வாங்கிய பழைய ஃபைபர் படகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பழைய சொந்தக்காரர் பெயரை அழித்துவிட்டு மகள் பெயரை எழுத வேண்டுமாம். பெயின்ட் தூள் மூக்கில் ஏறியது. கூடவே கோபமும் ஏறியது. நியாயமான கோபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடற்படையில் எனக்கு வாய்த்த முதல் கப்பல் ஒரு ஃப்ரிகேட், நடுத்தரப் போர்க்கப்பல். அதுவும் செகண்ட் ஹேண்ட். வெள்ளைக்காரர் கடற்படையில் ஒரு போரைப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்தது. அவர்கள் கொடி இறங்கி நம் கொடி ஏறியது, கப்பலின் பெயர் மாறியது. பாய்லர் அறையில் ஒழுகிய குழாய் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல அதே இடத்தில் ஒழுகியது. அங்கே ஒரு பம்ப், எங்கள் பெரியப்பாவைவிட முரடு. ஒப்படைக்க வந்த வெள்ளைக்கார மெக்கானிக், புத்தகத்தில் இல்லாத வைத்தியம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்: மூடியில் குதிகாலால் ஓர் உதை. உதைத்தால் ஓடும். வருஷக்கணக்கில் உதை வாங்கி மூடியே குழிந்திருந்தது. அதற்கு மேலே சுவரில், பம்பைப் பார்த்துக்கொண்ட ஐந்து வெள்ளைக்காரர்களின் பெயர்கள் கோணல் எழுத்தில் இருந்தன. ஆறாவதாக என் பெயரைத் தமிழில் எழுதினேன். உதைத்த கால் என்னுடையது, யாரிடம் அனுமதி கேட்பது?

பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் பாய்லர் அறைக்குப் பொறுப்பான எங்கள் சீஃப் பெயின்ட் பிரஷ்ஷை நீட்டினார். உன் பெயர் இருக்கட்டும், அந்நியர் பெயர்களை அழி என்றார். மாட்டேன் என்றேன். அந்தச் சூட்டில் நின்றவன் எனக்கு அந்நியன் இல்லை. பதினான்கு நாள் கரையிறங்கத் தடை. அதற்குள்தான் தங்கச்சி கல்யாணம். இன்றும் அவள் குத்திக்காட்டுகிறாள், எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பிரஷ்ஷைத் தொட்டிருக்க மாட்டேன். கடைசியில் சீஃப் தானே பூச வந்தார். அந்த நேரம் பார்த்து பம்ப் நின்றது. ஓங்கி ஓர் உதை விட்டார், அது ஓடியது. சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பூசாமலே போய்விட்டார்.

தம்பி கையிலிருந்த சுரண்டியைப் பிடுங்கினேன்.

"யாரோ ஒருத்தன் பேரு நம்ம படகுல இன்னாத்துக்குண்ணா?"

"இதுல அவன் எத்தினி அலை வாங்கிக்கீறான். பாப்பா பேரைக் கீழ எழுதுடா."

முறைத்துக்கொண்டே எழுதினான். அவன் சுரண்டிய இரண்டு எழுத்துகளை நான் திரும்ப எழுதினேன்.

அந்தக் கப்பலைப் பிறகு உடைத்துவிட்டார்கள். குழிந்த மூடி, சுவர், என் பெயர் எல்லாம் எங்கோ உருகிக் கம்பியாகியிருக்கும். ஆனால் அந்த ஐந்து பெயர்களையும் வரிசை தவறாமல் இன்றும் சொல்வேன், யார் பிரஷ்ஷோடு வந்தாலும்.