எந்த சகுரா, சார்?

நாலு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். பஹ்ரைனில், குதைபியாவில் எங்கள் தெருமுனைக் கடை. பெயர் – சகுரா ஜென்ட்ஸ் சலூன்.

கடைக்காரர் மலப்புரத்துக்காரர். வெட்டுபவர் பங்களாதேஷ். கண்ணாடிக்கு மேலே ஒரு படம்: மரம் நிறையப் பூ, பின்னால் பனிமலை. ஜப்பானுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பழைய ஓனர் வைத்த பெயராம். லைசென்ஸில் மாற்றுவது பெரிய தொல்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டாராம்.

அதே தெருவில் ஒரு சகுரா லாண்டரி உண்டு. இரண்டு தெரு தள்ளி சகுரா கார் ஏசி ரிப்பேர். மூன்று முதலாளிகளுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. வளைகுடாவில் ஜப்பான் பெயருக்குத் தனி மரியாதை. போர்டில் அதைப் போட்டுவிட்டால் சோப்புத் தண்ணீர்கூட நம்பகமாகிவிடுகிறது.

என் பக்கத்தில் முறைக்காகக் காத்திருந்தவர் மடியில் ஒரு நோட்டு. அதில் ஜப்பானிய எழுத்துகளை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் குணசேகரன். ஜெயங்கொண்டம் பக்கம். சல்மாபாத்தில் தொழிலாளர் கேம்ப், சைட்டில் கம்பி கட்டும் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

நான் சும்மா இருப்பேனா? சகுரா என்றால் செர்ரிப் பூ, ஒரு வாரம்தான் பூக்கும், வாழ்க்கையின் நிலையாமையை ஜப்பானியர்கள் அதில்தான் காண்கிறார்கள் என்று பத்து நிமிடம் எடுத்துவிட்டேன். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும்.

குணா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தான் அந்தப் பெயருள்ள ஊருக்குத்தான் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னார். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். 'ஜப்பானில் வேலை. சகுரா நகரில் நூறு இடங்கள். சிறப்புக் கூட்டம்.'

அந்த நோட்டீஸில் சிறப்பு விருந்தினர் என்று ஒரு பெயர் இருந்தது. என் பெயர்.

கூட்டத்தை நடத்தியவர் டாக்டர் ரகுநாதன். எதற்கு டாக்டர் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தமிழ் நிகழ்ச்சிகளில் முன்வரிசையில் உட்காருவார், பொங்கல் மலரில் முழுப்பக்க வாழ்த்து போடுவார். அதற்கு மேல் தகுதி வேண்டுமா என்ன? 'ஐந்து நிமிஷம் பேசினால் போதும் சார், நம்ம பசங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்' என்று அதற்கு முன்பே கூப்பிட்டிருந்தார். ஒப்புக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிறிய ஹோட்டல் ஹால். கேம்ப்களிலிருந்து எண்பது பேராவது வந்திருப்பார்கள். குளித்து, சென்ட் அடித்து, இஸ்திரி போட்ட சட்டையில். கிடைத்த ஒரே விடுமுறை நாள் அவர்களுக்கு.

ரகுநாதன் ஜப்பானின் சுத்தம், சம்பளம், புல்லட் ரயில் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். நடுவில் நீலக் கோட்டு போட்ட ஒருவர் எழுந்தார். இரண்டு வருடமாக சகுராவில் இருப்பதாகவும், கார் வாங்கிவிட்டதாகவும், விடுமுறைக்கு நண்பனைப் பார்க்க பஹ்ரைன் வந்ததாகவும் சொன்னார். ஹால் கை தட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு நான் பேசினேன். கம்பி கட்டும் கை நாளை கம்ப்யூட்டர் தட்டும் என்றேன். எதுகைக்காகச் சொன்னது. இவர்கள் கட்டப் போவது ஜப்பானிலும் கம்பிதான் என்பது மேடையில் எனக்குத் தோன்றவில்லை. சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள்.

கடைசியில் குணா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த சகுரா, சார்?"

ரகுநாதன் சிரித்தார். "ஜப்பான்ல இருக்கிற சகுராதான் தம்பி."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். குணா உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு மன்னிப்பே கிடையாது, எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பணம் கட்டிப் பதிவு செய்தவர்களில் பன்னிரண்டு பேருக்குத்தான் முதலில் வேலைக் கடிதம் வந்தது. அதில் குணா ஒருவர். இங்கே ராஜினாமா கொடுத்து விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும், ஜப்பான் விசா சென்னையில் வரும் என்று ரகுநாதன் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். விசா கேன்சல் ஆகிவிட்டால் இங்கே திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. கலாஸ், கதை முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குணா கடிதத்தோடு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா கொடுக்க வேண்டும், அதற்குள் ஒரு சந்தேகம் என்றார். உட்காரச் சொன்னேன். சந்தேகத்தைக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்ல ஆரம்பித்தேன். சகுரா என்பது சிபா மாகாணத்தில், நரிதா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், மேப்பில் பார்த்துவிட்டேன், நல்ல ஊர், தைரியமாகப் போங்கள்.

"இதுல தொச்சிகின்னு போட்டிருக்கே சார்."

பார்த்தேன். மாகாணத்தின் பெயர் இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. தொச்சிகி. அங்கேயும் ஒரு சகுரா இருக்கிறதாம். குணா ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தார். போனை எடுத்து மேப்பைக் காட்டினார். தொச்சிகியில் இருக்கும் சகுராவின் பெயர் மூன்று எழுத்தில் இருந்தது. சலூனில் அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே எளிய எழுத்துகள் – ச, கு, ரா. கடிதத்தின் ஜப்பானிய வரியில் இருந்தது வேறு. கோடும் கட்டமுமாக, நெருக்கமான இரண்டே எழுத்து. இரண்டு இடத்திலும் கடைசியில் வருவது நகரம் என்பதற்கான எழுத்து, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றும் சொன்னார்.

அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய எழுத்தெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது சார். எண்ணத் தெரியும்."

எனக்கு வாய் அடைத்துப்போனது. வீட்டில் அது அபூர்வம். காபி கொண்டுவந்த என் மனைவி மாலதி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ராஜினாமா கொடுக்க வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் கடிதத்தை மோரியிடம் காட்டினேன். மோரி எங்கள் கம்பெனிக்கு பம்ப் சப்ளை செய்கிற நிறுவனத்தின் இன்ஜினீயர். மூன்று வருடமாக இங்கே இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். பூவின் பெயருக்கு ஒரே எழுத்து. சிபாவில் இருக்கும் சகுராவுக்கு இரண்டு எழுத்து. உச்சரிப்புதான் ஒன்று, எழுத்தில் பூவே கிடையாது, இரண்டாவது எழுத்துக்குக் களஞ்சியம் என்று அர்த்தம். தொச்சிகி சகுராவுக்கு எளிய எழுத்து மூன்று. சைத்தாமாவில் ஒரு வார்டுக்கும் அந்தப் பெயர். அவருடைய அக்கா மகள் பெயரும் அதுவே. குதிரைக் கறிக்கும் சகுரா என்று சொல்வார்களாம், நிறத்தை வைத்து. பூ, பெண், கறி... ஒரு சொல்லை ஜப்பானியர்கள் சும்மா விடுவதில்லை போலிருக்கிறது.

ஆக, இந்தக் கடிதம் தொச்சிகி என்று மாகாணத்தைப் போட்டு, சிபா ஊரின் பெயரை ஒட்டியிருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டம், திருநெல்வேலி என்று முகவரி எழுதுவது மாதிரி. எந்த ஜப்பானியக் கம்பெனியும் சொந்த ஊர் பெயரை இப்படி எழுதாது என்றார் மோரி. கடிதத்தில் இருந்த நம்பருக்கு அவரே போன் செய்தார். எடுத்தவர் ஒரு பல் மருத்துவர். இப்படி ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள் என்று பணிவாகச் சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு மோரி கொஞ்சம் தயங்கினார். சகுராவுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்றார். கூட்டத்தில் பொதுஜனம் மாதிரி உட்கார்ந்துகொண்டு, நடத்துகிறவரிடம் காசு வாங்கிக் கை தட்டுபவர். மற்றவர்களை நம்ப வைப்பதுதான் அவர் வேலை.

உடனே நீலக் கோட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னாலேயே என் ஞாபகமும் வந்தது. நான் காசு வாங்கவில்லை. சால்வைக்கே வேலை பார்த்திருக்கிறேன். தொழில்முறையில் அவர் என்னைவிட மேல்.

அன்று மத்தியானமே ரகுநாதனை அழைத்தேன். பதற்றமே இல்லை அவரிடம். டைப்பிங் மிஸ்டேக் என்றார். ஊரையே மாற்றிவிட்டீர்களே என்றேன். ஏஜென்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் உங்கள் போட்டோதான் முதலில் இருக்கிறது, பிரச்சினை வந்தால் இரண்டு பேருக்கும்தானே வரும் என்றார். குரலில் அத்தனை அக்கறை.

உண்மையைச் சொல்கிறேன். சாயங்காலம் வரை யோசித்தேன். சும்மா இருந்துவிடலாமா, குணாதான் தப்பித்துவிட்டாரே என்று நினைத்தேன். மாலதியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு பேர் போயிடும்னு கவலை. அங்க பதினோரு பேருக்கு வேலையே போகப்போகுது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் இருக்கிற நாலு வாட்ஸ்அப் குழுக்களிலும் எழுதினேன். கடிதம் போலி, நான் விசாரிக்காமல் மேடையேறினேன், யாரும் ராஜினாமா கொடுக்க வேண்டாம் என்று. இரண்டு பேர் என்னைத் துரோகி என்றார்கள். ஒருவர், தமிழன் முன்னேறினால் தமிழனுக்கே பொறுக்காது என்று குரல் பதிவு போட்டார். பாதிப் பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். அது எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

வேலை நடந்தது குணாவால். கேம்ப்களில் இருப்பவர்கள் எங்கள் குழுக்களில் இல்லையே. டூட்டி முடிந்து மூன்று நாள் பஸ் மாறி மாறிப் போய், மீதிப் பதினோரு பேரில் பத்துப் பேரை நேரில் பார்த்திருக்கிறார். நோட்டைத் திறந்து காட்டி, உங்க லெட்டரை எடுங்க, எழுத்தை எண்ணுங்க என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் ராஜினாமா கொடுத்திருந்தார்கள். அவர்கள் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை. சூப்பர்வைசர் ஹிந்தியில் நாலு திட்டு திட்டிவிட்டு, ஜல்தி சைட்டுக்குப் போ என்று ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

குணாவும் இன்னும் சிலரும் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார்கள். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். ரகுநாதன் போன் அணைந்துவிட்டது. அடுத்த பொங்கல் மலருக்கு முழுப்பக்கம் காலி.

இடையில் ஒருநாள் மளிகைக் கடை வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். நீலக் கோட்டு இல்லை, ஆள் அவர்தான். ஜப்பானிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தக் கோட்டே அவங்களோடது சார்" என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். கழுத்தில் வியர்வை ஓடியது. திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. எந்த முகத்தோடு திட்டுவது?

குணா இன்னும் ஜப்பானிய எழுத்து படிக்கிறார். இப்போது பெரிய எழுத்துகளுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் மோரி அரைமணி நேரம் போனில் சொல்லித் தருகிறார். முறையாகப் பரீட்சை எழுதி, ஒழுங்கான வழியில் போவேன் என்கிறார் குணா. போவார்.

குணாவால் பார்க்க முடியாத பதினோராவது ஆள் வேல்முருகன். பெரம்பலூர்க்காரர். நாங்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இங்கே ஒன்பது வருட சர்வீஸ். நம்பர் வாங்கி, போன வாரம் பேசினேன். தப்பு என் மேலும் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இங்கே யாரிடமாவது கேட்டு வேறு வேலைக்கு வழி பார்க்கிறேன் என்றும் சொன்னேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கோபப்படவே இல்லை.

"அதனால என்ன சார். நீங்க அன்னிக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் நான் முடிவே பண்ணேன்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.