நீல வில்லை இருந்த இடம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்று தெருவில் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். எல்லாருக்கும் அவர் மூக்கர்தான். செத்துப்போன டிவி, மிக்ஸி, எதைக் கொண்டுபோய் வைத்தாலும், திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். மீன் வாடை அடித்தால் கெபாசிட்டர் போச்சு. வார்னிஷ் வாடை அடித்தால் சுருள் கம்பி போச்சு. திறந்து பார்த்தால் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். "அடுப்புல பால் பொங்கி வழியறது மட்டும் இந்த மூக்குக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் மனைவி சொல்வது தெருவுக்கே மனப்பாடம்.

மூக்கு ஒரு வேடிக்கைக்கு. மற்றபடி அவர் வேலை சுத்தமான வேலை. நிறக்கோடுகள் கருகி அழிந்துபோன ரெசிஸ்டரா, அதே போர்டில் அதற்கு ஜோடி ஒன்று இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியை வைத்துத் தேடி மதிப்பைக் கண்டுபிடிப்பார். கரியிலும் கரண்ட் பாயும் என்பதால், கருகிய இடத்தைச் சுரண்டித் துடைக்காமல் புதுசு வைக்கவே மாட்டார். இருபத்தாறு வருஷம் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உழைத்த மனுஷர், ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. நாலு தெரு தள்ளியிருக்கும் தையல்கார அக்கா, தன் வீட்டுக்காரரின் ஆக்சிஜன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், அந்த இயந்திரத்தின் குழாய் மூக்கில் இருந்தால்தான் மூச்சு. அன்றைக்கு இரவல் சிலிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது அவர் உயிர். மூக்கர் திறந்து பார்த்தார். ஃப்யூஸ் போயிருந்தது. கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும் நீல வில்லையும் வெடித்திருந்தது. காசளவு வில்லை அது. கரண்ட் ஒரு நொடி எகிறினால் அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் காப்பாற்றும். ஆனால் அது இல்லாமலும் இயந்திரம் ஓடும். அங்கேதான் வினை.

கைவசம் அந்த வில்லை இல்லை. வெடித்ததை வெட்டி எறிந்தார், ஃப்யூஸை மாற்றினார், ஓட்டிக் காட்டினார். சரக்கு வந்ததும் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாரே தவிர, அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. பத்தாவது நாள் சரக்கு வந்தது. ஒரு உறை நிறைய நீல வில்லைகள் இழுப்பறையில் கிடந்தன. இன்றைக்கு, நாளைக்கு என்று அவரும் கிடந்தார். நாலு தெரு நடக்க ஏழு மாதம் போதவில்லை அவருக்கு.

போன மாதம் அக்காவின் வீட்டுக்காரர் செத்துப்போனார். மூக்கரும் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தார். எப்படிச் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போது அக்கா மறுபடியும் அதே இயந்திரத்தோடு கடை வாசலில் நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கு மூச்சுக்குக் கஷ்டமாம். வாங்க வசதியில்லையாம். ஓட வெச்சுக் குடுங்க தம்பி, அவங்களுக்காவது ஆகட்டும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணு. இது எதனால எரிஞ்சதுன்னு பார்த்து உண்மையச் சொல்லணும்" என்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"அவரு ரூம்ல இருக்கிற பிளக்குலேருந்து வயர் இழுத்து, முன்னறையில இஸ்திரிப் பெட்டி போட்டேன். லைட்டு ஒரு தடவை பளிச்சுன்னு ஏறி இறங்குச்சு. நான் பாட்டுக்கு மிஷின்ல உக்காந்து தைச்சுக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல இது நின்னது காதுல விழல. அரை மணி கழிச்சுப் போய்ப் பார்த்தா..." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நான்தான் கொன்னுட்டேன்கிறான் என் மகன். என் கையால ஒரு வாய் சோறு வாங்க மாட்டேங்கிறான் தம்பி."

நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு மூடியைக் கழற்றினார். முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கெபாசிட்டர் வாய் பிளந்து கிடந்தது. இரண்டு ரெசிஸ்டர்கள் கரிக்கட்டை. அபாயத்துக்குக் கத்த வேண்டிய பீப் ஒலிப்பானின் பக்கமும் சேர்ந்தே கருகியிருந்தது. வில்லை இருந்த இடத்தில் மட்டும் இரண்டு துளைகள், அவர் கையால் ஈயம் வைத்து அடைத்தது அடைத்தபடி. அக்காவின் வீட்டுக்காரர் செத்த அந்த வியாழக்கிழமை காலை தன் கடையிலும் விளக்கு பளீரென்று ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது. மின்சாரக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். கோளாறு தெருவிலிருந்து வந்தது. இஸ்திரிப் பெட்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதல் வேலையாக நீல வில்லை ஒன்றை எடுத்து அந்த இரண்டு துளைகளில் சொருகி ஈயம் வைத்தார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கருகலைச் சுரண்டினார், துடைத்தார், ஒவ்வொன்றாக மாற்றினார். சாயங்காலத்துக்குள் இயந்திரம் மூச்சு விட ஆரம்பித்தது. தப்பைத் திருத்த வில்லையை வைத்தாரா, மறைக்க வைத்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டுக்கும்தான் என்பேன்.

மறுநாள் காலை அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வயசிருக்கும், தாயைவிட்டு நாலடி தள்ளியே நின்றான். "அவனும் காதால கேட்டுக்கட்டும்" என்றாள்.

"இஸ்திரிப் பெட்டியால இல்லக்கா. லைன்ல கரண்ட் எகிறியிருக்கு" என்றார் மூக்கர். பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்.

மகன் விடவில்லை. "லைன்ல எகிறியிருந்தா எங்க வீட்டு டிவியும் எரிஞ்சிருக்கணுமே. பக்கத்து வீட்டுல ஒண்ணும் ஆகலையே. இது மட்டும் ஏன் எரிஞ்சுது?"

அக்கா மூக்கரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் மெல்லவும் முடியாது, முழுங்கவும் முடியாது.

"என்னாலதான்" என்றார். "எகிறற கரண்டைத் தாங்க டிவியிலயெல்லாம் ஒரு வில்லை இருக்கும். போன தடவை இதுல அது வெடிச்சிருந்துது. என்கிட்ட அது இல்ல. வெட்டி எறிஞ்சிட்டுச் சும்மாவே ஓட விட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லல. அது இருந்திருந்தா அன்னைக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல தம்பி. கொன்னது நான்தான்."

"எங்க, காட்டுங்க" என்றான் மகன்.

மூடியைத் திறந்து காட்டினார். துளைகள் இருந்த இடத்தில் நீல வில்லை பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"அதான் இருக்கே."

"இது நேத்து நான் வெச்சது. ஈயத்தைப் பாருங்க, புதுசா இருக்கும்."

"எல்லா ஈயமும்தான் புதுசா இருக்கு." மகன் தாயின் பக்கம் திரும்பினான். "நேத்தே வந்து இவரு காலைப் புடிச்சு அழுதிருக்க, இல்ல? இப்படிச் சொல்லுங்கன்னு."

"ஐயோ, இல்லப்பா!"

"அவங்க ஒண்ணும் கேக்கலப்பா! சத்தியமா நான்தான்..." மூக்கர் குப்பைத் தகர டப்பாவைக் கவிழ்த்து, கழற்றிப் போட்ட கருகல்களைக் கிளறினார். கெபாசிட்டர் இருந்தது, ரெசிஸ்டர்கள் இருந்தன. இல்லாமல் போன ஒன்றை எதைக் காட்டி நிரூபிப்பது? மகன் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டான்.

அக்கா இயந்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அக்கா, நீங்களாவது நம்புங்க."

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா தம்பி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக உங்க தொழிலுக்குக் கெட்ட பேரு வாங்கிக்காதீங்க. நான் பட்டுக்கறேன்."

இரண்டடி போய் நின்று திரும்பினாள்.

"அந்த வீட்டுக்காரங்ககிட்ட மறக்காம சொல்லிடறேன். இது ஓடும்போது இஸ்திரிப் பெட்டி போடவே கூடாதுன்னு."