குடத்துக்கு இடமில்லாத சமையலறை

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் வீடு. குடிதண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வருகிற அன்றைக்கு இருக்கிற குடங்களிலெல்லாம் பிடித்து வைத்துக்கொள்வோம்.

போன வருடம் சமையலறையை மாற்றிக் கட்டினோம். செல்போனில் பார்த்த படத்தில் இருந்த மாதிரியே, தரையில் ஒரு சாமான் இல்லாமல், சுற்றிலும் அலமாரியாக வேண்டும் என்றேன்.

“தண்ணிக் கொடத்தை எங்கிட்டு வைக்கிறது?” என்று கேட்டார் கணவர்.

“அதெல்லாம் வச்சுக்கிறலாம், விடுங்க.”

தண்ணீர் வந்த நாளில் வேறு இடமில்லை. நிறைகுடங்களைப் புது கிரானைட் மேடையில், சிங்க்கை ஒட்டி வரிசையாக வைத்தோம். மேடைக்கு அடியில் சுவர் கிடையாது, வெறும் பலகை அலமாரிதான்.

அந்த மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “யக்கா, பூ வேணுமா?” என்று வாசலில் பூக்காரப் பெண் கூப்பிட, எழுந்து போனேன். பின்னால் பெரிய சத்தம். ஓடிவந்து பார்த்தால், சிங்க்குக்கு வெட்டிய இடத்தில் கல் பிளந்து முன்பக்கம் சரிந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் குடங்களோடு கிடந்தது. வெங்காயம் தண்ணீரில் மிதந்தது.

கணவர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. “செத்த நேரம் ஒக்காரு” என்றார்.

மறுபடி கொத்தனார், மறுபடி தூசி, மறுபடி வராண்டாவில் சமையல். அலுத்துவிட்டது. இந்த முறை குடங்களுக்கு ஜன்னலோரத் தரையை ஒதுக்கிய பிறகுதான் மற்றதற்கு அளவெடுக்க விட்டேன். மேடைக்கு அடியில் செங்கல் சுவரும் வைத்தாயிற்று.

புதுச் சமையலறையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் குடத்தில்தான் காலை இடித்துக்கொள்கிறார்கள். இடித்துக்கொள்ளட்டும்.