நாயனக்காரருக்கு ஜாமீன்

வக்கீலுக்கு வாய்தான் வேலை. வக்கீல் குமாஸ்தாவுக்குக் கால்தான் வேலை. முப்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு தமிழ் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து என் கால் தேய்ந்ததெல்லாம் ஜாமீனுக்கு ஆள் தேடித்தான்.

கொலைகாரர், கொள்ளைக்காரர் யாரும் எங்களிடம் வந்ததில்லை. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர், கள்ளுக்கடை வாசலில் மைத்துனரைப் பிடித்துத் தள்ளியவர், லைசென்ஸ் இல்லாமல் வடை விற்றவர், இப்படிப்பட்ட புண்ணியவான்கள்தான் வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவரைப் பிடித்தால் திங்கட்கிழமை கோர்ட் திறக்கும்வரை லாக்கப்தான். சொந்த நிலம் உள்ள யாராவது ஒருவர் வந்து, "இந்த ஆளை எனக்குத் தெரியும், கோர்ட்டுக்கு வருவான்" என்று கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். சொந்தக்காரனுக்காக ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மூட்டைப்பூச்சிக்கு இரத்தம் கொடுத்த அன்பர்களுக்கு நான் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

பாயோடு வந்தவர்

செந்தூல் ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரை, ரோட்டோரம் சீட்டாடினார் என்று பிடித்துவிட்டார்கள். "ஜாமீனுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அவர் மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாள் தன் அண்ணனைக் கூட்டி வந்தார். அண்ணன் கையில் பாய், தலையணை, வெற்றிலைப் பெட்டி. வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே லாக்கப் கதவுக்கு முன்னால் போய் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

ஜாமீன் என்றால் ஆளுக்கு ஆள் மாற்றி உட்காருவது என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படியில்லை என்று நானும் சார்ஜண்டும் மாறி மாறிச் சொன்னோம். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. தங்கை புருஷனுக்காகச் சிறையில் உட்காரத் துணிந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவது எனக்கே என்னவோபோல் இருந்தது. பாயை இடுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார். அவருக்கு நாளைக்கு வேலை இருக்கு. எனக்கு லீவு."

கோனாரின் விசாரணை

எங்கள் ஆபத்பாந்தவர் பிரிக்பீல்ட்ஸில் மாடு வைத்துப் பால் ஊற்றிய வீராசாமிக் கோனார். கொட்டகையும் நிலமும் அவர் பெயரில் இருந்தன. பிடிபட்ட ஆள் கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிட்டால் அந்த நிலத்துக்கே ஆபத்து. ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரும் ஒரு விசாரணை வைப்பார். என்ன குற்றம், எந்தச் சட்டம் என்றெல்லாம் கேட்கமாட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அந்த வீட்ல பால் வாங்குறாங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பால் வாங்குவதற்கும் யோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வக்கீல் ஒருநாள் கேட்டார். வக்கீல் கேள்வி கேட்டால் சாட்சிகள் நடுங்குவார்கள்; கோனார் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். "பால் வாங்குற வீட்ல கைப்புள்ள இருக்கும் சார். கைப்புள்ளய வச்சிருக்கவன் எங்க ஓடுவான்?"

ரோடு யாருடையது?

ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். என் வீட்டு வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. ஜரிகைத் தலைப்பாகையும் மாலையுமாக ஒரு மாப்பிள்ளை இறங்கினான். பெயர் முத்து. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் அவன் அப்பா கங்காணி. பெண் செந்தூல் ரயில்வே பிட்டர் மாணிக்கத்தின் மகள் செல்லம்மா. மறுநாள் காலை முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் பாதி வழியில் இருக்கும்போது போலீஸ் வந்து, ரோட்டில் மேளம் வாசிக்கப் பெர்மிட் எங்கே என்று கேட்டிருக்கிறது. பெர்மிட் இல்லை. நாயனக்காரரையும் தவில்காரரையும் கொண்டுபோய்விட்டார்கள்.

மேளம் இல்லாமல் தாலி ஏறாது. அப்படியிருந்தும் இரண்டு வீட்டாரும் ஸ்டேஷன் பக்கம் போக மறுத்துவிட்டார்கள். போனால், பெர்மிட் எடுக்காதது தங்கள் குற்றம் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடுமாம். "ஊர்வலம் மாப்பிள்ளைக்கு. பெர்மிட்டும் அவங்கதான் எடுக்கணும்" என்கிறார் மாணிக்கம். "மேளம் எங்களுது, ஒத்துக்கிறேன். ரோடு அவங்க ஊரு ரோடுதானே?" என்கிறார் கங்காணி. பேச்சு தடித்து, மகனைக் கூட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் கிள்ளானுக்கே திரும்பிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கூச்சலில் முத்து யாரிடமும் சொல்லாமல் நழுவி, ரிக்ஷாக்காரர் வழிகாட்ட என்னிடம் வந்திருக்கிறான்.

எனக்கு அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு அப்பாக்களின் வீராப்பில் அவன் கல்யாணம் நசுங்கிக்கொண்டிருந்தது. அவனைக் கோனாரின் கொட்டகைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். கோனார் மாலையை ஒரு பார்வை, தலைப்பாகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போல விசாரணையை ஆரம்பித்தார். "தம்பி, வீட்ல கைப்புள்ள இருக்கா?" முத்து கையெடுத்துக் கும்பிட்டான். "அதுக்குத்தாங்க ஐயா மேளம் வேணும்."

தெரிந்த ஆள்

மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தபோது கோனார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த நாயனக்காரர எனக்குத் தெரியாது தம்பி. தெரியாத ஆளத் தெரியும்னு எழுத மாட்டேன்." நான் கெஞ்சினேன். முத்து கிட்டத்தட்ட அழுதுவிட்டான். சிங்காரம் என்ற அந்த நாயனக்காரர் கம்பிக்குப் பின்னாலிருந்து, தான் கிள்ளான் கோயில் திருவிழாவில் வாசிப்பவன் என்றார். கோனார் நிமிர்ந்தார். போன திருவிழாவில் அவர் அங்கே ஒரு நாயனம் கேட்டிருக்கிறார். கூட்டத்தில் முகம் தெரியவில்லையாம். "ஆனா, கேட்டாத் தெரியும்" என்றார்.

நாயனம் சாட்சிப் பொருளாக மேஜைமேல் கிடந்தது. சீக்கிய சார்ஜண்ட் நல்ல மனிதர். தமிழர் நடுவில் இருந்து இருந்து தமிழும் வரும், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு. நான் அவர் காலில் விழாத குறை. அவர் நாயனத்தை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். சிங்காரம் சீவாளியை நனைத்துக்கொண்டு, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை வாசித்தார். தவில்காரர் தொடையிலேயே தாளம் போட்டார். எழுதிக்கொண்டிருந்த மலாய்க்காரக் கிராணி எழுதுவதை நிறுத்தினார். கோனார் கண்ணை மூடியபடி நின்றார். வாசிப்பு முடிந்ததும், "தெரியும், எழுதுங்க" என்றார். தாளம் போட்டவரையும் அதே வாசிப்பில் தெரிந்துகொண்டாராம். சார்ஜண்ட் மட்டும் வாசலை எட்டிப் பார்த்து, தெருவில் கூடிவிட்ட கூட்டத்தைக் கண்டு கவலையோடு கேட்டார்: "இப்ப வாசிச்சதுக்கு யாரு லா பெர்மிட் எடுக்கிறது?"

சத்தமில்லாத ஊர்வலம்

விடுதலையானவர்களோடும், திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி வாங்கிய வாத்தியங்களோடும் பெண் வீட்டுக்கு நடந்தோம். பெர்மிட் இன்னும் இல்லை. ஆகையால் நாயனம் உறையில், தவில் துணி மூட்டையில். மாப்பிள்ளை முன்னால் நடக்க, நாங்கள் துக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் போல வாய் திறக்காமல் பின்னால் போனோம். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்ற பேச்சு மாணிக்கம் குடியிருந்த ரயில்வே வரிசை வீடுகள் முழுவதும் பரவியிருந்தது எங்களுக்குத் தெரியாது. பந்தலில் இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு மூலையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மகனைப் பார்த்ததும் கங்காணி எழுந்து, திட்ட வாயெடுத்து, திட்டாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். மாணிக்கம் சிங்காரத்துக்கு நாற்காலி போட்டார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பெண்ணே வெளியே வந்துவிட்டாள். அலங்காரம் பாதியில் நின்றிருந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சாயங்காலத்திலிருந்து மேளச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அம்மா இழுத்தும் உள்ளே போகவில்லை. அத்தனை பேர் முன்னிலையிலும் மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்: "மேளம் இல்லாட்டிப் போவுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

இந்தத் தொழிலில் என்ன கண்டாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மறுநாள் கல்யாணப் பந்தியில் கோனாரும் நானும் எந்த வீட்டு விருந்தாளிகள் என்று சம்பந்திகள் இருவரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட, நாங்கள் இரண்டு பக்கத்துப் பாயசத்தையும் வாங்கிக் குடித்தோம்.