ஞானப்பூவின் கைகாட்டி

"தெங்காசீ… தெங்காசீ… குத்தாலம் போறவுகள்லாம் எறங்குங்கோ!"

எஞ்சின் இன்னும் மூச்சு வாங்கி முடித்திருக்காது. அதற்குள் மாசிலாமணி முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்து மூன்று தரம் கூவிவிடுவார். கூவும்போது இடது கையால் தன் காதைப் பொத்திக்கொள்வார். தன் சத்தம் தனக்கே தாங்காது போலிருக்கிறது. பிளாட்பாரத்தில் என் புத்தகக் கடைக் கொக்கியில் தொங்கும் வாரப் பத்திரிகைகள் அந்தச் சத்தத்தில் ஆடும் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம், காற்றாகவும் இருக்கலாம்.

நீலச் சட்டை, கையில் பித்தளை வில்லை, சட்டைப் பையில் எந்நேரமும் சில்லுக்கருப்பட்டி. விளக்குத் துடைப்பது, மணி அடிப்பது, ஊர்ப் பெயரைக் கூவுவது, இவ்வளவுதான் அவருடைய உத்தியோகம். ஐம்பத்தேழாம் வருஷம் நாசரேத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். வந்த மறுநாளே என் கடை முன்னால் நின்று, ஒரு கருப்பட்டித் துண்டை என் கையில் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி வீட்டு வாடகையைப் பற்றியதல்ல. "அண்ணாச்சி, இங்கன வேதக்கோயில் எங்கன இருக்கு?"

வேதக்கோயில் என்றால் கிறிஸ்தவர்களின் கோயில். நான் திருநீறு பூசுகிறவன். எனக்குத் தெரிந்த கோயில்களைச் சொன்னால் அவருக்கு உதவாது. கையை எந்தத் திசையிலோ காட்டி அனுப்பிவைத்தேன். அந்தப் பாவம்தான், அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் கோயில் தேடிய கதையை நான் கேட்கவேண்டியதாயிற்று.

அவர் சொந்த ஊர்க் கோயிலில் ஆர்மோனியம் கிடையாதாம். மாசிலாமணி எடுத்துக் கொடுத்தால்தான் பாட்டு. "பாடாமக் கும்பிட்டா எனக்குக் கும்பிட்ட மாதிரியே இல்ல அண்ணாச்சி. சோறு இல்லாத எலைக்கு முன்னால உக்காந்த மாதிரி இருக்கும்" என்பார். எங்கே போனாலும் பாடத்தானே போகிறார், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நான் அப்போது நினைத்தேன். அவர் பாடி நான் கேட்டதில்லை, பாருங்கள்.

முதலில் போனது பெரிய கோயில். பெயர் வேண்டாம். மர பெஞ்சு, ஆர்மோனியம், வெள்ளைத் தாவணியில் பாடகர் குழு. வாசலிலேயே நாலு பேர் வரவேற்றிருக்கிறார்கள். "நாலு பேரும் எந்த ஊரு, யாரு மவன்னுதான் கேட்டாங்க. ஒம்ம பேரு என்னன்னு ஒருத்தர் கேக்கல" என்றார். போய் உட்கார்ந்த பெஞ்சு ஏதோ ஒரு டாக்டர் வீட்டுக்கு உரியதாம். எழுப்பிப் பின்னால் உட்காரவைத்தார்கள். அதையெல்லாம் மாசிலாமணி பொறுத்துக்கொண்டார். பாட்டு ஆரம்பித்ததும்தான் வினை.

அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாசிலாமணி வாயைத் திறந்ததும் முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி ஞானப்பூ அம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஞானப்பூ அம்மாள் நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று மெதுவாகத்தான் வரும். அந்த அம்மாள் கையை நீட்டி மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். மெதுவாகப் பாடுங்கள் என்று அர்த்தம். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். ஆனால் ரயில்வேக்காரருக்கு? ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிற கைகாட்டி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்கவேண்டும். கை கீழே இறங்கினால் பாதை திறந்தாயிற்று, தாராளமாக வரலாம். மாசிலாமணி வந்தார். முழு வேகத்தில் வந்தார். ஆர்மோனியம் நின்றுபோய்விட்டது.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

"நான் கொறைங்கன்னு கையக் காட்டுதேன், நீங்க கூட்டுதீங்களே!" இது ஞானப்பூ அம்மாள்.

"ஏட்டி, கை கீழ எறங்கினா வண்டி நிக்குமா, போகுமா? நிக்கணும்னா நேரா நீட்டணும். முப்பது வருசமா அதப் பாத்துத்தானே சோறு திங்குதேன்!"

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. இனிமேல் வாயை மூடு என்பதற்குக் கையை நேராக நீட்டுவது என்று முடிவு. பிற்பாடு செங்கோட்டைப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனார்கள். அங்கே பாதிப் பாட்டு மலையாளம். இவர் அந்த மெட்டில் தமிழைப் போட்டு முழக்க, இரண்டாம் அடியிலேயே கை நீண்டுவிட்டது. பண்பொழி ரோட்டில் ஒரு ஜெபவீட்டில் முதல் அடியிலேயே நீண்டது. அங்கே ஒரு பெரியவர் வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார். "திரும்ப வாறதா இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லியனுப்புங்க, என்னா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது மாசிலாமணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞானப்பூ அம்மாளுக்கும் வரவில்லை. அன்று இரண்டில் ஒன்று கேட்டுவிட்டார். "இன்னும் ஒரே ஒரு கோயிலுக்கு ஒங்ககூட வருதேன். அங்கயும் ஆளு திரும்பிப் பாத்தா, நான் நாசரேத்துக்கு ரயிலேறி எங்க அண்ணன் வீட்டுல இருந்துக்கிடுதேன். நீங்களும் ஒங்க தொண்டையும் இங்கனயே கெடங்க." சொன்னால் செய்கிற அம்மாள். மாசிலாமணி இனிக் கோயிலில் வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தார்.

அதற்குப் பிறகு மனிதர் பாதியாகிவிட்டார். ஊர்ப் பெயரைக்கூட ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார். ஆவுடையம்மாள் என்று ஒரு அம்மாள், தங்கை வீட்டு வளைகாப்புக்கு வந்தவர், தென்காசி வந்ததே தெரியாமல் செங்கோட்டை வரை போய், சீர்த்தட்டோடு அடுத்த வண்டியில் திரும்பி வந்து பிளாட்பாரத்தில் நின்று திட்டினார். ஏச்சு முழுவதையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார் மாசிலாமணி. வாயைக் கட்டிப்போட்டால் ஒரு மனிதன் இப்படியா ஆவான்!

வழி சொன்னது ஜட்கா வண்டிக்காரர் ஒலி முகம்மது. சீசனுக்கு வருகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போகிறவர், அந்த மலைப் பாதையில் அவருக்குத் தெரியாத கல் கிடையாது. "வே மாசிலாமணி, ஐந்தருவிக்குப் போற வழியில ஒரு சின்ன வேதக்கோயில் இருக்கு வே. சீசன்ல தண்ணி விழுற சத்தத்துக்கு அங்கன இடி விழுந்தாலும் கேக்காது. நீரு பாடினாத்தான் என்ன, பாடாட்டாத்தான் என்ன, ஒரு பய திரும்பிப் பாக்கமாட்டான்" என்றார். மாசிலாமணியின் கண்ணில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அது ஆடி மாதம் முதல் ஞாயிறு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமென்று நானும் அதே ஜட்காவில் தொற்றிக்கொண்டேன். மேலே மலையில் நல்ல மழை. ஐந்து கிளையும் ஒன்றாகிக் கலங்கலாக விழுகிறது, யாரும் இறங்கக்கூடாது என்று போலீஸ்காரர் விரட்டிவிட்டார். தேய்த்த எண்ணெயோடு திரும்பி வந்து வேதக்கோயில் வாசலில் நின்றேன். இடுப்புயரக் கல்சுவர், தகரக் கூரை, தரையில் பாய். மங்குஸ்தான் விற்கிற பெண்கள், எஸ்டேட் கூலிகள், தேங்காய்ப்பூத் துண்டு கட்டின இரண்டு மூன்று சீசன்காரர்கள், அவ்வளவுதான் சபை. எந்த ஊர், யார் மகன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் காதில் விழாது. கையைப் பிடித்து இழுத்துப் பாயில் இடம் விட்டார்கள்.

ஞானப்பூ அம்மாள் உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கையை நேராக நீட்டிவிட்டார். நீட்டின கை நீட்டினபடி இருந்தது. மாசிலாமணி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார்.

சபையை நடத்துகிற உபதேசியார், கழுத்தில் மப்ளர் சுற்றின கிழவர், பாட்டை எடுத்தார். எடுத்தார் என்பது அவர் வாய் அசைந்ததில் தெரிந்தது. வெளியே அருவி, மேலே தகரத்தில் சாரல். முன்பாய்க்காரர்கள் இரண்டாம் அடிக்குப் போனபோது பின்பாய்க்காரர்கள் முதல் அடியில் நின்றார்கள். பெண்கள் தனியாக வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். உபதேசியார் மறுபடி எடுத்தார். மறுபடியும் சிதறியது. சீசன் தொடங்கியதிலிருந்து இதே கதை என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் தரம் அவர் எடுக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார். அந்தக் கிழவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் ஞானப்பூ அம்மாளைப் பார்த்தேன். அந்த அம்மாள் உபதேசியாரைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தார். பக்கத்தில் இருந்த மங்குஸ்தான்காரியை எழுப்பி, ஆண்கள் பக்கம் அனுப்பி, புருஷன் தோளைத் தட்டவைத்தார் ஞானப்பூ அம்மாள். மாசிலாமணி கண்ணைத் திறந்து திரும்பினார். நீட்டியிருந்த கை மெள்ளக் கீழே இறங்கியது.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார். அந்த அம்மாள் கையை மறுபடி நீட்டி, மறுபடி இறக்கினார். இந்தத் தரம் வேகமாக.

அப்பா! எழுந்து நின்று, இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு எடுத்தார் பாருங்கள் ஒரு எடுப்பு! அருவி தோற்றது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது ஒரு ஓரமாக நின்று வழிவிட்டது. முதல் அடியில் முன்பாய் வந்து சேர்ந்தது, இரண்டாம் அடியில் பின்பாய். மூன்றாம் அடியில் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள், ஆமாம், அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். தகரக் கூரை கிணுகிணுத்தது. எனக்குப் பாட்டும் தெரியாது, வேதமும் வேறு. தலையிலிருந்து எண்ணெயும் கண்ணிலிருந்து தண்ணீரும் சேர்ந்து வழிய நின்றேன், வெட்கப்படவில்லை.

முடிந்ததும் உபதேசியார் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காதருகில் வாயை வைத்து, "இத்தன வருசமா எங்கன வே இருந்தீரு? ஒம்ம பேரு என்ன?" என்று கத்தினார்.

பேரைக் கேட்டுவிட்டார். மாசிலாமணி சொன்ன பதில் ஐந்தருவி வரை கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை காலை வண்டிக்குத் தென்காசி என்று அவர் கூவிய கூவலில், செங்கோட்டைக்குப் போகவேண்டிய இரண்டு பேர் இங்கேயே இறங்கிவிட்டார்கள்.

போன ஞாயிறும் நான் அந்தப் பக்கம் குளிக்கப் போனேன். இப்போதெல்லாம் உபதேசியார் பாட்டு எண்ணைச் சொல்வதில்லை, விரலால் காட்டுகிறார். மாசிலாமணி எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு, பெண்கள் பக்கம் பார்த்தார். ஞானப்பூ அம்மாள் கையை நேராக நீட்டினார். இதை நாசரேத்துக் கோயில் முறைமை என்று எண்ணிக்கொண்டார்களோ என்னவோ, மங்குஸ்தான்காரி முதல் பெண்கள் பக்கம் முழுவதும் கையை நீட்டினார்கள். பிறகு அத்தனை கைகளும் ஒன்றாகக் கீழே இறங்கின.